தொண்டைக்குப் போட்ட ஊசி

இந்த ஊரில் டாக்டரைப் பார்க்க எல்லோரும் தனியாகத்தான் வருகிறார்கள். ஜெர்மனிக்கு வந்தபின் பல விஷயங்கள் எனக்குப் பழகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, மேல்வீட்டுக்காரருடைய முகத்தைவிட அவருடைய அழைப்பு மணியில் ஒட்டியிருக்கும் பெயர்தான் அதிகம் தெரியும், எல்லாம் சரி. இது மட்டும் பழகவில்லை. தடியூன்றிய கிழவர் ஒருவர் உள்ளே வருவார். உட்கார்ந்திருக்கிறவர்களைப் பொதுவாகப் பார்த்து 'குட்டன் மோர்கன்' என்று காலை வணக்கம் சொல்வார். எல்லோரும் திரும்பச் சொல்வார்கள். அவ்வளவுதான். யாரும் யாரையும் என்ன உடம்புக்கு என்று கேட்பதில்லை. தாம்பரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் நாங்கள் மூன்று பேர் போவோம். காய்ச்சல் யாருக்கு என்று டாக்டரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

முதல் தடவை இங்கே டாக்டரைப் பார்க்கப் போனது மூச்சு வாங்கியதால். வந்து இரண்டாவது குளிர்காலம். அதற்குச் சில மாதங்கள் முன்னால் தொண்டை வலித்துக் காய்ச்சல் வந்து, கஷாயம் வைத்துக் குடித்து நானே சரியாக்கிக்கொண்டேன். அதன்பிறகுதான் ஏதோ மாறிப்போனது. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. பால் பாக்கெட்டோடு ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, உடற்பயிற்சி இல்லை, வயசாகிறது என்று எனக்கு நானே ஏதேதோ சொல்லிக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது.

'ஹவுஸார்ட்ஸ்ட்' என்று இங்கே சொல்வார்கள், குடும்ப டாக்டர் மாதிரி. அந்த அம்மாள் ஆங்கிலத்தில் பொறுமையாகக் கேட்டார். சின்ன வயதில் என்னென்ன நோய் வந்திருக்கிறது? ஏதாவது மருந்து தொடர்ந்து எடுத்ததுண்டா? அறுவை சிகிச்சை? நான், "அம்மாவிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்" என்றேன்.

"உங்கள் அம்மா டாக்டரா?" என்று கேட்டார்.

"இல்லை. அம்மா."

அவருக்குப் புரியவில்லை. தொடர்ந்து போட்ட மருந்து என்றால் ஒரு ஊசி உண்டு, தொண்டைக்கு, என்றேன். எத்தனை நாள் போட்டீர்கள் என்றார். பன்னிரண்டு வருஷம் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லிக் கேட்டார். கடைசியில், "உங்கள் இதயத்தைப் பற்றி உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?" என்றார்.

"என் இதயத்துக்கு என்ன?" என்றேன் நான்.

அந்த ஊசியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீடு தாம்பரத்துக்குப் பக்கத்தில் ராஜகீழ்ப்பாக்கம். அப்பா குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். எனக்குப் பதினொரு வயதில் காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கி, பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி. சனிக்கிழமை சாயங்காலம் அம்மா கூட்டிப் போவாள். முதலில் கையில் சுருக்கென்று ஒரு சின்னக் குத்து, டெஸ்ட் டோஸ். அரை மணி நேரம் உட்கார வேண்டும். தடித்துச் சிவக்கவில்லை என்றால் இடுப்பில் பெரிய ஊசி. மருந்து சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி கெட்டியாக இருக்கும், ஊசியே அடைத்துக்கொள்ளும். போடுகிற நர்ஸ் அக்கா, "பல்ல கடிச்சிக்கோ பாப்பா, தோ முட்ச்சிட்டேன்" என்பார். முடிந்திருக்காது. வீட்டுக்கு வரும்வரை நொண்டிக்கொண்டே வருவேன்.

"இது எதுக்கும்மா?"

"உனக்குத் தொண்டை அடிக்கடி கட்டிக்குதுல்ல, அதுக்குத்தான்."

இதுதான் எனக்குச் சொல்லப்பட்டது. டாக்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் என் நெஞ்சில் வைத்துப் பார்ப்பார். பிறகு, "வெளியில உட்காரும்மா" என்பார். அப்பா உள்ளே இருப்பார். வெளியே வரும்போது அப்பாவின் முகம் ஒரு மாதிரி இருக்கும். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், "நல்லா சாப்பிடச் சொன்னார்" என்பார். அது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நோயாளி வெளியே உட்கார்ந்திருப்பார், நோய் உள்ளே பேசப்படும்.

நீ படித்தவள்தானே, கேட்டிருக்க வேண்டியதுதானே என்பீர்கள். இன்ஜினியரிங் முடித்து சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், கழுத்தில் கம்பெனி அட்டையோடு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போய் ஊசி போட்டுக்கொண்டேன். அந்த ஊசியின் பெயரைக்கூட நான் படித்ததில்லை. குப்பி எப்போதும் அம்மாவின் கைப்பையில் இருக்கும். கம்பெனிக்காரனுடைய மென்பொருளில் ஒரு வரி தவறாக இருந்தாலும் தேடிக் கண்டுபிடிக்கிற எனக்கு, என் உடம்புக்குள் போவது என்ன என்று பார்க்கத் தோன்றவில்லை. ஏனென்றால் அது என்னுடைய வேலை இல்லை. என் உடம்பு அம்மாவின் இலாகா.

ஜெர்மனியில் அந்த டாக்டர் அம்மாள் அனுப்பிய பெரிய மருத்துவமனையில் பார்த்துச் சொன்னார்கள். சின்ன வயதில் தொண்டைப் புண்ணில் தொடங்கி மூட்டுக்குப் போன காய்ச்சல், இதயத்து வால்வையும் தின்றிருக்கிறது. மைட்ரல் வால்வு. திறக்க வேண்டிய அளவுக்குத் திறக்கவில்லை. மறுபடி மறுபடி அந்தக் காய்ச்சல் வராமல் தடுப்பதற்குத்தான் ஊசி. இடையில் நிறுத்தியிருக்கிறீர்களே, ஏன் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன்.

அங்கே ஒரு பேராசிரியர் இருந்தார். வெள்ளைத் தாடி, மிகவும் மரியாதையான மனிதர். என்னிடம் அனுமதி கேட்டார். மாணவர்கள் சிலர் என் இதயத்தைக் கேட்கலாமா என்று. இந்த நோய் இங்கே கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டதாம். அவர்கள் இந்தச் சத்தத்தைப் பதிவில்தான் கேட்டிருக்கிறார்களாம். சரி என்றேன். வரிசையாக வந்தார்கள். என் வயதுதான் இருக்கும், சிலர் என்னைவிடச் சின்னவர்கள். ஒவ்வொருவரும் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நெஞ்சில் வைத்துக் கேட்டார்கள். ஒரு பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கேட்டுவிட்டாள். "டாங்கே" என்று நன்றி சொன்னாள். அருங்காட்சியகத்தில் பழைய காசு பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். என் உடம்பைத் தொடலாமா என்று என்னிடமே கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அந்த மரியாதைக்கும் அந்த அவமானத்துக்கும் சேர்த்துத்தான் அன்று கழிப்பறையில் போய் அழுதேன்.

வெளியே வந்து வீட்டுக்கு வீடியோவில் பேசினேன். "அம்மா, எனக்கு இதயத்துல வால்வு கெட்டுப் போயிருக்காம்" என்றேன்.

'என்னது' என்று அம்மா பதறவில்லை. "யாருடி சொன்னா?" என்றாள்.

அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிட்டது. அப்பா போனை வாங்கினார். "நிம்மி, ஆபீஸ்ல யாருக்காவது தெரியுமாம்மா?" என்றார்.

"தெரிஞ்சா என்னப்பா? நான் செத்தா அவங்களுக்குத் தெரியத்தானே போகுது."

"ஏம்மா இப்படிலாம் பேசுற?"

"வேற எப்படிப் பேசணும்? நீங்க சொல்லிக் குடுங்க."

ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முந்தின மாதம்தான் ஊசி நின்றது. நான் கேட்டேன், இந்தச் சனிக்கிழமை போகவில்லையா என்று. "இனிமே வேணாம், உனக்குத் தொண்டை சரியாயிடுச்சு" என்றாள் அம்மா. எனக்குச் சந்தோஷம். இடுப்பு வலி மிச்சம் என்று நினைத்தேன். உண்மை என்ன என்று அப்புறம்தான் தெரிந்தது. வெளிநாட்டுக்காரன் மெடிக்கல் செக்கப்பில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவான் என்று யாரோ பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். ஊசி போட்டால் ரத்தத்தில் தெரியும், நிறுத்திவிட்டால் தெரியாது என்று இவர்களாக முடிவு செய்திருக்கிறார்கள். எந்த டாக்டரையும் கேட்கவில்லை. அப்புறம் கல்யாணம் இருக்கிறது. இதயத்தில் கோளாறு என்று தெரிந்தால் யார் கட்டுவான்? அந்தப் பயத்தில்தான் பதினொரு வயதிலிருந்து என்னிடமே மறைத்தார்கள். எனக்குத் தெரிந்தால் நான் யாரிடமாவது உளறிவிடுவேனாம். பெண்ணின் நோயைப் பெண்ணிடமிருந்தே காப்பாற்றியிருக்கிறார்கள்.

பேராசிரியர்தான் சொன்னார். சுருங்கிய வால்வைப் பலூன் வைத்து விரிக்கலாம், ஆனால் இங்கே வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் செய்கிறோம், உங்கள் ஊரில் தினமும் செய்கிற கைகள் இருக்கின்றன, போக முடியுமா என்று. போனேன். தாம்பரத்தில் இறங்கியதும் எனக்குப் பட்ட முதல் விஷயம், ரயில்வே பாலத்தில் என்னைத் தாண்டிப் போகிற அத்தனை பேரும் சாதாரணமாக மூச்சு விட்டதுதான்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் தனியார் மருத்துவமனை ஒன்று. காத்திருக்கும் கூடத்தில் உட்கார இடமில்லை. அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், நடுவில் நான். எதிர் வரிசை அம்மாள் ஒருத்தி, மடியில் துணிப்பை, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா, யாருக்கு ஒடம்பு? நைனாவுக்கா?"

"எனக்கு" என்றேன்.

"உனக்கா? பாத்தா நல்லாத்தானே கீற! இன்னா செய்து?"

அம்மா முந்திக்கொண்டாள். "கேஸ் ட்ரபிள்தாங்க. வெளிநாட்டுச் சாப்பாடு ஒத்துக்கல."

"கேஸ் ட்ரபிளுக்கா ஹார்ட் டாக்டராண்ட வந்துகீறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் சத்தமாகவே சொன்னேன். "இல்லக்கா. வால்வு சுருங்கிப் போச்சு. பலூன் வைக்கணும்." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்கம்பக்கம் நாலைந்து பேர் திரும்பினார்கள்.

"அதானா? அதுக்கு ஏன் இப்டி மூஞ்ச தொங்கப் போட்டுகினு குந்திகீறீங்க? எம் மருமவளுக்கும் இதே பேஜாருதான். போன வருசம் பலூன் வச்சி எட்த்தாங்கோ. செக்கப்புக்குத்தான் வந்துகீறா, தோ, உள்ள கீறா பாரு." பிறகு அம்மாவைப் பார்த்து, "பொண்ணு தகிரியமா கீது. நீதான் பயந்துகினு கீற" என்றாள்.

பன்னிரண்டு வருஷம், அதற்கு மேலும், எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்த ரகசியம் இது. இந்தக் கூடத்தில் அதற்கு விலையே இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்கு அதே நோய்தான். கோபத்தில் என் காது சூடாகிவிட்டது. ஜெர்மனியில் அருங்காட்சியகத்துப் பொருளாக இருந்தவள் இங்கே வரிசையில் ஒருத்தி. இரண்டில் எது மேல் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் உள்ளே போனோம். டாக்டர் இளைஞர்தான், நாற்பது இருக்கும். எக்கோ படத்தைப் பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்துத் திரும்பி, "நீங்க இருங்க சார். நீ வெளியில உட்காரும்மா" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை.

"உன்னைத்தாம்மா" என்றார் டாக்டர்.

"சார், படத்துல இருக்கிற இதயம் என்னுது. நான் வெளியில போனா அதுவும் என்கூட வந்துடும். யாரைப் பத்திப் பேசுவீங்க?"

"பேஷண்ட் பயந்துடுவாங்கன்னுதான் சொல்றது" என்றார். கோபப்படவில்லை, கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"இத்தனை நாள் பயமில்லாமத்தான் இருந்தேன். அதனாலதான் இப்படி ஆகியிருக்கு. என்னைப் பார்த்துச் சொல்லுங்க. அப்பாவும் கேட்கட்டும்."

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். படத்தைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார். வால்வின் இரண்டு இதழ்களும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பலூன் வைத்துப் பிரிக்கலாம், எப்போதைக்கும் இல்லை, பின்னால் வால்வையே மாற்ற வேண்டி வரலாம், பிள்ளை பெறுவதென்றால் முன்கூட்டியே பேசித் திட்டமிட வேண்டும், ஊசி நாற்பது வயதுவரையாவது நிற்கக் கூடாது. பாதியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்துவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

அப்பாவை வாசல் டீக்கடையில் கண்டுபிடித்தேன். டீயை வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தார். ஆடை கட்டிப்போயிருந்தது. எனக்குக் கோபம் தீரவில்லை. இத்தனை வருஷம் உள்ளே உட்கார்ந்து கேட்டீர்களே, இன்றைக்கு மட்டும் ஏன் ஓடி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"அன்னிக்கெல்லாம் எனக்கு ஒண்ணும் புரியலம்மா" என்றார்.

"என்ன புரியல?"

"அந்தப் பழைய டாக்டர் வேகமா இங்கிலீஷ்ல சொல்வார். இதயத்துல வால்வுன்னு சொன்னது மட்டும் தெரிஞ்சுது. நம்ம லேத்துல இருக்கிற மாதிரி ஏதோ ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டேன். ஊசி போட்டா போதும்னார். தலையாட்டிட்டு வந்துடுவேன். திருப்பிக் கேட்டா மோசமா ஏதாவது சொல்லிடுவாரோன்னு கேட்கல." டீயைக் கீழே வைத்தார். "இன்னிக்கு அவரு உன்கிட்டத் தமிழ்ல சொன்னார். எல்லாம் புரிஞ்சுது. அதான் உட்கார முடியல."

என்னிடம் மறைத்தவருக்கே எதை மறைக்கிறோம் என்று தெரியாது. திட்ட ஆள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பக்கத்தில் நின்று நானும் ஒரு டீ சொன்னேன். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு குடித்தோம்.

பலூன் வைத்தார்கள். மயக்கம் தரவில்லை, தொடை இடுக்கில் மரத்துப் போக மட்டும் ஊசி. ஒப்புதல் கையெழுத்தை அப்பாவிடம் கேட்டார்கள். அவர் பேனாவை வாங்கி என் கையில் கொடுத்தார். அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கொடுத்தபின் அவர் கை காலிச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தது. வேலை பறிபோன மனிதனின் கை அப்படித்தான் இருக்கும். மறுநாள் மாடிப்படியில் ஏறிப் பார்த்தேன். மூச்சு நிதானமாக வந்தது. ஆனால் கெட்டது கெட்டதுதான். ஊசி விடாமல் போட்டிருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு குறைந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. தெரிந்து என்ன செய்வது?

இதைப் படிக்கிற, வீட்டைவிட்டு வெளியே போகப் போகிற, போய்விட்ட பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கேட்டால் கேளுங்கள், கேட்காவிட்டால் போங்கள். ஊறுகாய் பாட்டில் உடையாமல் எப்படிக் கட்டுவது என்று அம்மாவிடம் கேட்கிறீர்கள். சின்ன வயதில் எனக்கு என்ன வந்தது, என்ன மருந்து கொடுத்தீர்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை, ஏன் நிறுத்தினீர்கள் என்றும் கேளுங்கள். ஒன்றுமில்லை என்பார்கள். மறுபடி கேளுங்கள். சண்டை வரும், வரட்டும். டாக்டர் வெளியே உட்காரச் சொன்னால் உட்காராதீர்கள். உங்கள்மேல் இருக்கிற பாசத்தில்தான் மறைக்கிறார்கள். அந்தப் பாசத்தால் ஒரு வால்வைக்கூடத் திறக்க முடியாது.

கிளம்புவதற்கு முன் அம்மா என்னோடு அதிகம் பேசவில்லை. அந்தக் கூடத்தில் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்று அவளுக்கு இன்னும் வருத்தம். என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த ஒரு பிள்ளை வீட்டாரிடம் நானே போனில் விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் அவர்கள் பேசவில்லை. "இப்ப நிம்மதியா?" என்று அம்மா கேட்டாள். நிம்மதி இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை.

இந்த ஊசி ஜெர்மனியில் சில சமயம் வாரக்கணக்கில் கிடைப்பதில்லை. அதைச் சொன்னதும் டாக்டர் மொத்தமாக எழுதிக் கொடுத்தார். அப்பா குரோம்பேட்டை மருந்துக்கடையில் சொல்லிவைத்து வாங்கி வந்தார். கட்டிலின் மேல் குப்பிகளை வைத்து இரண்டாகப் பிரித்தார்.

"இது நீ எடுத்துட்டுப் போ. இது இங்க இருக்கட்டும்."

"இங்க எதுக்குப்பா? நான் அங்கதானே இருக்கேன்."

"வந்தா வேணும்ல."

மருந்து வீணாகப் போகும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ஒரு பழைய துண்டில் தன் பங்கைச் சுற்றிக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, என் பங்கை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

இப்போது என் அலமாரியில் குப்பிகள் இருக்கின்றன. யார் வந்தாலும் கண்ணில் படும்படி, காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். மற்ற பாதி ராஜகீழ்ப்பாக்கத்தில், பீரோவில், அம்மாவின் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. போன் பேசும்போது பத்திரமாக இருக்கிறது என்று அப்பா சொல்கிறார். இங்கே இருப்பவை குறைந்துகொண்டே வருகின்றன. அங்கே இருப்பவை குறைவதில்லை. இரண்டின் மேலும் அச்சடித்திருக்கிற காலாவதித் தேதி ஒன்றுதான்.